கத்தரிப்பூ நிறத்தில் ஓர் அறை



இம்மாதம் 'வீடும் நாமும்' பகுதியில் சுவருக்கு நிறம் பூசுவதைப் பற்றிப் பேசுவோம். எல்லா நிறங்களையும் பற்றி அல்ல, ஒரேயொரு நிறத்தைப் பற்றி. ஹாட்வெயார் கடையில் தரும் நிற அட்டையில் அதற்கு 'லைலக்' என்று பெயர் போட்டிருப்பார்கள். லைலக் குளிர்நாட்டில் பூக்கும் ஒரு பூ. அதைத் தேடி நாம் எங்கும் போகவேண்டியதில்லை. வளவில் நிற்கும் கத்தரிச் செடியைப் பாருங்கள். பூ விரிந்து ஓரிரு நாள் வெயில் பட்டபின் இதழ் சற்று வெளிறி நிற்கும். அந்த நிறம்தான். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் அடம்பன் பூவை நினைத்துக்கொள்ளலாம், அதில் சிவப்புக் கொஞ்சம் கூட. குளத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆற்றுவாழைப் பூ இருக்கிறது.

"சோற்றுக்கே வழியைக் காணோம், இதற்குள் சுவருக்கு நிறமா?" என்று கேட்கக்கூடியவர்கள் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே எத்தனை வருடங்கள் போயின என்பதையும் பார்க்கவேண்டும்.

கிண்ணியாவையும் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி கிண்ணியா ஆஸ்பத்திரியையே அழித்துவிட்டுப் போனது. கரையோர வீடுகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அதற்கு முன்னும் யுத்தம், பின்னும் யுத்தம். 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் கிண்ணியாவிலும் கந்தளாயிலும் வந்து தங்கின. பிறகு வீட்டுத் திட்டங்கள் வந்தன. உலக வங்கியின் உதவியோடு 2005இல் தொடங்கிய வடக்கு கிழக்கு வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு முதலில் 250,000 ரூபாவும், பின்னர் 325,000 ரூபாவும் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்தபின் வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் அது 550,000 ரூபா. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை முடிய முடியக் காசு வரும். கையில் இருந்த நகையும் சேர்ந்து போய்க் கூரை ஏறியதும், இனிப் போதும் என்றாகிவிடும். உட்சுவர்ப் பூச்சு பிறகு, நிறம் அதற்கும் பிறகு. அந்தப் 'பிறகு' வராமலே சாம்பல் நிறச் சுவருக்குள் பத்துப் பதினைந்து வருடம் குடியிருக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நிறம் பூசாத சீமெந்துச் சுவர் வெளிச்சத்தைக் குடித்துவிடும். பட்டப்பகலிலும் பிள்ளை படிக்க லைற் போடவேண்டும். முதுகு சாய்ந்தால் மண் உதிரும், தூசி படியும். வெளிறிய நிறம் எதைப் பூசினாலும் யன்னல் வழியே வரும் வெளிச்சத்தை அது திருப்பித் தரும். ஆகவே இது வெறும் அலங்காரம் அல்ல.

அதைவிட இன்னொரு காரியமும் இருக்கிறது. முகாமில் இருந்தபோது தறப்பாளின் நிறம் தந்தவர்களின் நிறம். தற்காலிகக் கொட்டிலின் தகரமும் அப்படித்தான். கல்வீடு வந்தபோதும் அறை எத்தனை, யன்னல் எங்கே, குசினி எந்தப் பக்கம் என்பதில் பெரும்பகுதி திட்டத்தின் வரைபடத்திலேயே வந்தது. சுவரின் நிறம் மட்டும்தான் எந்தப் படிவத்திலும் கேட்கப்படவில்லை. அதை நீங்களே தீர்மானிக்கலாம், எவருடைய கையெழுத்தும் வேண்டாம்.

ஏன் கத்தரிப்பூ நிறம்? பிடித்திருந்தால் போதும், அதற்கு மேல் காரணம் தேவையில்லை. ஆனாலும் எமது பக்கத்தில் நிறங்களுக்குக் கட்சியும் உண்டு, சமயமும் உண்டு. பச்சை, நீலம், காவி, சிவப்பு என்று எதைப் பூசினாலும் வெளியே நின்று பார்ப்பவர் ஒரு கணக்குப் போடுவார். இளம் ஊதாவை இங்கே எவரும் இன்னும் பங்கு கேட்டு வரவில்லை. தேர்தலன்று சின்னி விரலில் பூசும் மையைக் கணக்கில் எடுக்காவிட்டால்! வெளிநாட்டில் கேட்டவர்கள் பெண்கள்தான். 1908இல் இங்கிலாந்தில் வாக்குரிமைக்குப் போராடிய பெண்கள் ஊதா, வெள்ளை, பச்சை மூன்றையும் தங்கள் நிறங்களாக எடுத்தார்கள். மார்ச் 8 மகளிர் தினக் கூட்டங்களில் ஊதாத் துணி கட்டுவதற்கும் அதுதான் வேர்.

இந்த நிறம் மனதை அமைதிப்படுத்தும், நித்திரையைக் கொண்டுவரும் என்று விளம்பரங்களில் எழுதுவார்கள். அதை நம்பி ரின் வாங்கவேண்டாம். இரவில் நித்திரை வராமல் தவிக்கும் சகோதரிகள் எம்மிடையே நிறையப் பேர். அதற்குச் சுவர் மருந்தல்ல. ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கதைக்க ஆட்கள் இருக்கிறார்கள், அங்கே போகத் தயங்கவேண்டாம். சுவர் சுவராக இருந்தால் போதும்.

இன்னொரு பேச்சும் வரும். "புருஷன் இல்லாத வீட்டில் எதற்கு இவ்வளவு நிறம்?" என்பார்கள். கணவர் காணாமல் போய், வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் காத்திருக்கும் பெண்ணிடமும் இதைச் சொல்பவர்கள் உண்டு. முஸ்லிம் சகோதரிகளுக்கு, கர்ப்பிணியாக இல்லாத விதவையின் இத்தா 4 மாதமும் 10 நாளும். அதற்குமேல் வருடக் கணக்கில் நீட்டிப்பது ஊர், மார்க்கம் அல்ல. தமிழ்ச் சகோதரிகளுக்கு வெள்ளைச் சீலை என்ற பழைய வழக்கம் இருந்தது. அதுகூடச் சீலைக்குத்தான். சுவருக்கும் விதவைக் கோலம் உண்டு என்று எந்தக் கிழவியும் சொன்னதாகத் தெரியவில்லை.

இந்த நிறத்தின் பிறப்பும் எமக்குச் சம்பந்தமில்லாதது அல்ல. முற்காலத்தில் ஊதாச் சாயம் ஒருவகைக் கடல் நத்தையிலிருந்து எடுக்கப்பட்டது. விலையோ அரசர்களுக்கு மட்டும் கட்டுப்படியான விலை. 1856இல் லண்டனில் வில்லியம் ஹென்றி பேர்கின் என்ற 18 வயது மாணவர் மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். மருந்து வரவில்லை. கண்ணாடிக் குடுவையின் அடியில் ஒட்டியிருந்த கறுப்புக் கசடைக் கழுவியபோது அழகான ஊதா நிறம் பிரிந்து வந்தது. துணியில் தோய்த்தால் ஒட்டிக்கொண்டது. செயற்கைச் சாயத் தொழில் முழுவதும் அதிலிருந்து வளர்ந்ததுதான். ஏழையின் உடம்பிலும் ஊதா நிறம் ஏறியது அதன் பிறகே. மலேரியா எமது ஊர்களை எப்படி ஆட்டியது என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். மருந்தடிக்க வந்தவர்கள், உட்சுவருக்கு அடித்துவிட்டு, "இதற்கு மேல் வெள்ளையடிக்காதீர்கள்" என்று சொல்லிப் போன காலம் அது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றுப்படுத்தியது. இப்போது தாராளமாகச் சுவரில் பூசலாம்.

நிறத்தில் ஊதாவைவிட வெள்ளைதான் அதிகம் என்பதையும் அறிந்து வையுங்கள். இளம் ஊதா ரின்னில் ஊதாச் சாயம் மிகக் கொஞ்சம். மீதி வெண்மையைத் தருவது டைட்டானியம் டயொக்சைட் என்ற வெள்ளைத் தூள். அந்தத் தூளுக்கு மூலப்பொருள் இல்மனைட் என்னும் கறுப்பு மணல். அது கிடைப்பது எங்கே? எமது திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையில், புல்மோட்டைக் கடற்கரையில். கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் தொடங்கப்பட்டது. மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறியது. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக் கடலில் இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த 'கோர்டியாலிற்றி' என்ற கப்பல் தாக்கப்பட்டது சிலருக்கு நினைவிருக்கும். எமது மாவட்டத்து மண் வெளிநாடு போக, வெள்ளைத் தூள் வெளிநாட்டிலிருந்து டொலர் விலையில் வருகிறது. 2022இல் ரூபா சரிந்தபோது பெயின்ற் ரின்னின் விலை ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம். இதை நினைத்தால் கோபம்தான் வருகிறது. சரி, வேலைக்கு வருவோம்.

வேலைக்கு முன் ஒரு கடதாசி விடயம். கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வது வழக்கம். வீடு பெண்ணுடையது என்பது இங்கே புதிய பேச்சல்ல. ஆனால் சுனாமிக்குப் பின்னும் யுத்தத்துக்குப் பின்னும் வீடும் காணியும் கொடுக்கப்பட்டபோது 'குடும்பத் தலைவர்' என்ற பெட்டிக்குள் ஆணின் பெயரே பல இடங்களில் எழுதப்பட்டது. உம்மா தந்த வளவில் கட்டிய வீடாக இருந்தாலும் பத்திரம் அப்படித்தான் வந்தது. ஆகவே சுவரில் ஒரு சதம் போடுவதற்கு முன், பெட்டியைத் திறந்து அந்தப் பத்திரத்தைப் பாருங்கள். யாருடைய பெயர் இருக்கிறது? அரச காணி அனுமதிப்பத்திரமோ அளிப்போ என்றால், பின்னுரித்தாளர் யாரென்று பதிவாகியிருக்கிறதா? பதிவில்லாவிட்டால் முன்னர் மகளுக்கு முன் மகன் என்றிருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் இருந்த அந்தப் பாகுபாட்டை 2022இல் செய்த திருத்தம் நீக்கியது. இது இன்னும் எல்லோர் காதுக்கும் எட்டவில்லை. பிரதேச செயலகத்தில் காணிப் பிரிவு இருக்கிறது. கிராம சேவகரிடம் கேட்டுக்கொண்டு ஒரு காலைப்பொழுது போய்வாருங்கள். அன்றைக்கே ஹாட்வெயார் கடையில் நிற அட்டையும் வாங்கிக்கொண்டு வரலாம்.

கடையில் எவ்வளவு வாங்குவது? கணக்கைப் பாருங்கள். 10 அடிக்கு 10 அடி அறை, சுவர் 9 அடி உயரம் என்றால் நான்கு சுவரும் 360 சதுர அடி. ஒரு கதவையும் இரண்டு யன்னலையும் கழித்தால் 300 சதுர அடி சொச்சம். இரண்டு தடவை பூசவேண்டும், ஆகவே 600க்குக் கொஞ்சம் மேல். எங்கள் சாதாரணச் சீமெந்துப் பூச்சில் ஒரு லீற்றர் எமல்ஷன் ஏறத்தாழ 100 சதுர அடியை மூடும். 6 லீற்றருக்கு மேல் வேண்டும் என்பதால் 4 லீற்றர் ரின் இரண்டு. புதுச் சுவராக இருந்தால் அடியில் ஒரு தடவை சீலர் பூசவேண்டும். அதைத் தவிர்த்து மிச்சம் பிடிக்கப் பார்த்தால் சுவர் நிறத்தைக் குடித்துவிடும், மூன்றாம் ரின் வாங்கவேண்டி வரும். காசு போதாவிட்டால் ஒரு சுவருக்கு மட்டும் பூசுங்கள், 2 லீற்றரில் முடியும். கட்டிலின் தலைமாட்டுச் சுவர் அல்லது வாசலுக்கு எதிரே தெரியும் சுவர் நல்லது. மற்ற மூன்றும் வெள்ளையாக இருக்கட்டும். உண்மையில் சின்ன அறைக்கு அதுதான் கூடுதல் அழகு என்பது என் கருத்து.

ஆனால் இதற்காக நுண்கடன் எடுக்கவேண்டாம். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடன்காரர் எத்தனை குடும்பங்களை வீட்டை விட்டு ஓடவைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 2018இல் வறட்சி மாவட்டங்களிலே பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வரும் அளவுக்கு அது முற்றியது. மாதர் சங்கச் சீட்டு விழும்போது செய்யுங்கள். அல்லது மாதம் ஒரு சுவராகச் செய்யுங்கள். அப்படிச் செய்தால் நிற எண்ணைக் குறித்துவைக்கவேண்டும். இளம் நிறங்களைக் கடையில் எந்திரத்தில்தான் கலந்து தருகிறார்கள். எண் ஒன்றானாலும் வேறு வேறு நாளில் கலந்ததில் சிறு வித்தியாசம் வரும். அதனால் ஒரு சுவரின் நடுவில் ரின் மாறக்கூடாது, மூலையில் மாறலாம். ஒரே நாளில் இரண்டு ரின் வாங்கினால் பெரிய வாளியொன்றில் இரண்டையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

நிறத்தை அட்டையில் பார்த்து முடிவுசெய்வது சரிவராது. கத்தரிப்பூ நிறம் வெளிச்சத்துக்கு வெளிச்சம் முகம் மாறும். வெள்ளை லைற்றில் நீலம் தூக்கும். மஞ்சள் பல்ப்பில் சாம்பல் விழும். குப்பி விளக்கு எரியும் வீடுகளில் இரவில் அது ஊதாவாகவே தெரியாது, மண்ணிறத்துக்குக் கிட்டப் போய்விடும். சின்ன ரின் ஒன்று வாங்கி இரண்டு அடி அகலத்துக்குப் பூசி, காலையிலும் மாலையிலும் விளக்கு வைத்தபின்னும் பாருங்கள். நிலம் சிவப்புச் சீமெந்தாக இருந்தால் சிவப்புச் சாய்ந்த ஊதாவை எடுங்கள். சாதாரணச் சாம்பல் நிலத்துக்கு நீலம் சாய்ந்தது பொருந்தும். சந்தேகமாக இருந்தால் அட்டையில் நீங்கள் விரும்பியதைவிட ஒரு படி வெளிறியதை எடுங்கள். நான்கு சுவரும் சேரும்போது நிறம் அட்டையில் கண்டதைவிடத் தடித்துத் தெரியும்.

எமது கரையோர ஊர்களில் பெயின்ற் உரிந்து போவதற்குப் பெரிய காரணம் உப்பு. சுனாமிக்குப் பின் அவசர அவசரமாகக் கட்டிய வீடுகளில் கடல் மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கலந்து பூசிய சுவர்கள் உண்டு. மகாவலி ஆற்று மணலில் பூசிய சுவருக்கு இந்தத் தொல்லை குறைவு. சுவரில் வெள்ளை மாப்போல உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டாம், உப்பு உள்ளே போய் மறுபடி பூக்கும். காய்ந்த தும்புத்தடியால் தட்டி, பெருக்கி அள்ளி, வெளியே கொட்டுங்கள். சில கிழமை விட்டுப் பார்த்து மீண்டும் தட்டுங்கள். உப்பு நிற்பதற்கு முன் பூசினால் எந்தக் கம்பனியின் பெயின்றும் கொப்புளித்துவிடும். புதிதாகப் பூச்சுப் பூசிய சுவரை ஆகக் குறைந்தது ஒரு மாதமாவது காயவிடவேண்டும். பச்சைச் சீமெந்தின் காரம் சில ஊதாச் சாயங்களைத் தின்றுவிடும். வெள்ளைச் சுவரில் அது தெரியாது. கத்தரிப்பூச் சுவரில் திட்டுத் திட்டாக வெளிறித் தெரியும்.

காலமும் முக்கியம். மார்கழி மாரியில் தொடங்கவே வேண்டாம். கச்சான் வீசும் மாதங்கள் நல்லவை, ஆனால் மத்தியான வேளையில் பெயின்ற் பிறஷிலேயே காய்ந்து கோடு விழும். அந்தக் காற்று தூசியையும் கொண்டுவந்து ஈரச் சுவரில் ஒட்டும். காலை வெயில் ஏறுமுன் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்குப் பக்க யன்னலைச் சாத்தி, எதிர்ப்பக்கத்தைத் திறந்து விடுங்கள்.

உட்சுவருக்குப் பாஸ் பிடிக்கத் தேவையில்லை. ரோலருக்கு ஒரு நீளத்தடி கட்டினால் ஏணியும் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்தால் ஒரு நாளில் அறை முடியும், அடுத்த மாதம் நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போகலாம். பழைய கதவு, யன்னலில் உரியும் எனாமல் பெயின்றில் மட்டும் கவனம் வேண்டும். பழைய எனாமல்களில், அதிலும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களில் ஈயம் இருக்கக்கூடும். பெயின்றில் ஈயத்துக்கு இலங்கையில் வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரியில்தான். அவற்றைக் காய்ந்தபடி சுரண்டாமல், நனைத்து அரத்தாளால் தேய்த்து, தூளை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். கூரை அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருந்தால் அதைச் சுரண்டவே கூடாது.

சன்னம் பட்ட துளையும் செல் பட்ட வடுவும் உள்ள சுவர்கள் இன்னும் இருக்கின்றன. ஓட்டையை உளியால் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசியைத் தட்டி, நனைத்துச் சாந்து அடைத்தால்தான் பிடிக்கும். வெறும் பில்லர் அப்பினால் மாரியில் கழன்றுவிடும். அடைப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இழப்பீட்டுக்கான அலுவலகத்திலோ காணாமல் போனோர் அலுவலகத்திலோ உங்கள் விண்ணப்பம் இருந்தால், அல்லது இனிமேல் கொடுப்பதாக இருந்தால், அந்தப் படம் தேவைப்படலாம். படத்தை மகளின் போனுக்கும் அனுப்பி விடுங்கள்.

சுவரில் வேறு எழுத்துகளும் இருக்கும். பிள்ளைகளின் உயரத்தை அவர் பென்சிலால் கீறி வைத்த கோடுகள், கரித்துண்டால் எழுதிய மேசன் கணக்கு, அவசரத்தில் குறித்த ஒரு ரெலிபோன் நம்பர். அவற்றின் மேல் பூசத்தான் வேண்டும் என்று சட்டமில்லை. அந்த இடத்தைச் சுற்றி நேராக ரேப் ஒட்டி, ஒரு சதுரமாக விட்டுவிட்டு மீதியைப் பூசலாம். மெல்லிய மரச்சட்டம் அடித்தால் படம்போல நிற்கும். பூசிவிடுவதுதான் நல்லது என்று உங்களுக்குத் தோன்றினால் பூசிவிடுங்கள். இரண்டில் எது சரி என்று பக்கத்து வீட்டிலோ பள்ளியிலோ கோயிலிலோ கேட்கவேண்டியதில்லை.

பெயின்ற் வாங்கவே முடியாதவர்களுக்குச் சுண்ணாம்பு இருக்கிறது. நீற்றின சுண்ணாம்பை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துத் துணியால் வடித்து, கொஞ்சம் சோற்றுக் கஞ்சி சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து விடுங்கள். நிலத்துச் சீமெந்துக்குப் போடும் சிவப்பு ஒக்சைட் தூளில் ஒரு சிட்டிகை, அதுவும் தண்ணீரில் நன்றாகக் கரைத்துச் சேருங்கள். இரண்டும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். கடைப் பெயின்ற் போலப் பளிச்சென்று வராது, புகை படிந்த ஊதாவாக வரும். எனக்கு அது இன்னும் பிடிக்கும். ஈரத்தில் கடும் நிறமாகத் தெரிந்து பயமுறுத்தும், காய்ந்தால் பாதியாக வெளிறும். ஆகவே முதலில் மூலையில் பூசிப் பாருங்கள், ஒரு அறைக்கு வேண்டியதை ஒரே தடவையில் கலக்குங்கள். முன்பு பெயின்ற் பூசிய சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது, வெறும் சீமெந்திலும் மண் சுவரிலும் நன்றாகப் பிடிக்கும். பூஞ்சணமும் லேசில் வராது. கண்ணில் தெறித்தால் ஆபத்து. கையுறையும், முகத்தை மறைக்க ஒரு துணியும் கட்டாயம்.

குசினிக்கு மட்டும் இந்த நிறம் வேண்டாம். விறகு அடுப்புப் புகையில் ஆறு மாதத்தில் அழுக்குச் சாம்பலாகிவிடும். அறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கவும் வேண்டாம். வெளிறிய பழைய சீலையோ வெள்ளைத் துணியோ போதும். மரச் சட்டங்களை மண்ணிறமாகவே விடுங்கள். ஊதாவும் பச்சையும் சிவப்புமாகச் சாயமிட்ட பன்பாய் ஒன்று வீட்டில் இருந்தால், அதை விரித்த உடனே சுவரும் நிலமும் சேர்ந்துகொள்ளும்.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, இந்தப் பக்கத்துக்கு ரின் வாங்கி வருவதென்றால் பாதையில் ஏறித்தான் வரவேண்டும். மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, குறைந்தால் ஓடிப்போய் வாங்கவும் முடியாது. இப்போது வசதி உண்டு என்றாலும் எண் தெரியாமல் போனால் பயனில்லை. நிற எண், வாங்கிய கடை, திகதி, எத்தனை லீற்றர் என்பவற்றைக் கதவின் பின்புறம் பேனையால் எழுதி வையுங்கள். மிஞ்சிய பெயின்றை வாயகன்ற போத்தலில் விட்டு, மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அடுத்த பெருநாளுக்கோ பொங்கலுக்கோ யன்னலோரம் பிள்ளைகளின் கை பட்டு அழுக்கானால், அந்தப் போத்தலே போதும்.